சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இன்டர்வியூ: பேசிப் பார்ப்பதா, பழைய கதையைக் கேட்பதா, கையில் ஒரு தாளைக் கொடுப்பதா?

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் நூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி ஹெட்டாக இருக்கிறார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு க்ளெய்ம் மென்பொருள் செய்துகொடுக்கும் பெரிய வேலை வந்திருக்கிறது, அதை நடத்த ஒரு சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜர் வேண்டும். "ஆறு ரெஸ்யூமே தேறியிருக்கு. எல்லாருக்குமே பன்னிரண்டு, பதினஞ்சு வருஷ அனுபவம். எல்லார்கிட்டயும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கான பி.எம்.பி. சர்டிஃபிகேட். பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதுல எப்படி இன்டர்வியூ பண்ணி ஒருத்தரைப் பொறுக்குறது?" என்றார். அன்று அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் நாம் எதற்காக இந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அட்டவணை போடுவது, மீட்டிங் கூட்டுவது, மினிட்ஸ் அனுப்புவது எல்லாம் மூன்று வருட அனுபவம் உள்ளவரே செய்துவிடுவார். என் கணக்கில், சீனியர் என்ற சொல்லுக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான்: கெட்ட செய்தியை நேரத்தோடு, சொல்ல வேண்டிய ஆளிடம், அடுத்து என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துச் சொல்வது. அதைச் செய்யாதவர் கையில் தர்பூசணி ரிப்போர்ட்தான் வரும். மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு. (வார ரிப்போர்ட்டில் பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் கவனம் தேவை, சிவப்பு என்றால் சிக்கல்.)

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது ஒருவரை எடுத்தோம். நானும் என் மேலதிகாரியும் ஒன்றரை மணி நேரம் அவரிடம் பேசினோம். அருமையாகப் பேசினார். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடியது. வெளியே வந்ததும் "ஆள் பிரமாதம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஏழு மாதம் எல்லா ரிப்போர்ட்டும் பச்சை. கோ-லைவுக்கு, அதாவது மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு, பதினோரு நாள் இருக்கும்போதுதான், பணம் அனுப்பும் பகுதியில் டெஸ்டிங்கே தொடங்கவில்லை என்று தெரியவந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் டீமுக்கு சனி, ஞாயிறு கிடையாது. டெஸ்டராக இருந்த ஒரு பெண், சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டே நாள் லீவில் போய்விட்டு, கையில் மருதாணி காயும் முன்னே திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அந்த மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியை அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் அதைச் சோதிக்கவே இல்லை.

அதனால் இன்டர்வியூவின் ஒவ்வொரு வகையையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: இந்த ஆள் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வார் என்பது இதில் தெரியவருமா?

பேசிப் பார்ப்பது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று தொடங்கி, பேச்சு போகிற போக்கில் கேட்டுக்கொண்டே போவது. இதில் ஒரு வசதி உண்டு: தயாரிப்பு எதுவும் தேவையில்லை. வருகிறவருக்கும் இறுக்கம் இருக்காது. ஆனால் ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் கேட்பதில்லை என்பதால், ஆறு பேரையும் பார்த்து முடித்த பிறகு ஒப்பிட நம்மிடம் எதுவும் இருக்காது. பிடித்த முகம், நம்ம காலேஜ், நல்ல இங்கிலீஷ் இவையே கடைசியில் மிஞ்சும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1998-ல் ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து, ஆளெடுக்கும் முறைகள் பிற்பாடு வேலையில் தெரியும் திறமையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று கணக்கிட்டார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.51 வந்தது, போகிற போக்கில் பேசுவதற்கு 0.38. இத்தனை வருட அனுபவம் என்று ரெஸ்யூமேயில் போடுகிறோமே, அந்த எண்ணுக்கு 0.18தான். 2022-ல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் பழைய கணக்கு சில இடங்களில் மிகைப்படுத்திவிட்டது என்று காட்டி அதைத் திருத்தினார்கள். திருத்திய கணக்கில் ஒழுங்குபடுத்திய இன்டர்வியூ 0.42-க்கு இறங்கினாலும் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். போகிற போக்கில் பேசுவது 0.19-க்கு விழுந்துவிட்டது. வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பது முன்பு 0.54 ஆக இருந்தது, இப்போது 0.33.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. பேசிப் பார்ப்பதை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, ஆகச் சிறந்த முறைக்கே 0.42 என்றால், எந்த ஒரு முறையையும் தனியாக நம்பக் கூடாது.

சர்டிஃபிகேட்டும் பாடக் கேள்விகளும்

பி.எம்.பி. மோசமான சர்டிஃபிகேட் இல்லை. 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பு 1984 முதல் அந்தத் தேர்வை நடத்துகிறது. பட்டம் படித்தவர் மூன்று வருடமாவது ப்ராஜெக்ட் நடத்தியிருந்தால்தான் எழுத முடியும். அதைத் தேறியவரிடம் போய் "க்ரிட்டிக்கல் பாத் என்றால் என்ன?" என்று கேட்பது நேரத்தை வீணாக்குவது. கதவைத் தாண்ட அது போதும், அதற்கு மேல் அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். ஆறு பேரிடமும் இருக்கும்போது அது யாரையும் பிரித்துக் காட்டவும் போவதில்லை.

"இப்படி நடந்தால்?" / "அன்றைக்கு என்ன செய்தீர்கள்?"

ஒழுங்குபடுத்திய இன்டர்வியூ என்று முடிவு செய்தால், அதிலும் இரண்டு வழி. ஒன்று, ஒரு நிலைமையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பது. 1980-ல் கேரி லாதமும் சகாக்களும் இதைச் சோதித்து எழுதினார்கள். இன்னொன்று, உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்பது. 1982-ல் டாம் ஜான்ஸ் இதை முன்வைத்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதல் வழி நியாயமானது, அவரிடம் சொல்லப் பழைய கதை இருக்காது. சீனியர் வேலைக்கு நான் இரண்டாவது வழியையே எடுப்பேன். "க்ளையன்ட் ஸ்கோப்பை (ஒப்புக்கொண்ட வேலையின் அளவை) கூட்டிக்கொண்டே போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பதினைந்து வருடம் இருந்த எவருக்கும் விடை தெரியும்: சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாற்றத்துக்கான எழுத்துக் கோரிக்கை) போடுவேன், பாதிப்பைக் கணக்கிடுவேன், ப்ராஜெக்டை மேற்பார்க்கும் ஸ்டீயரிங் கமிட்டிக்குக் கொண்டுபோவேன். எல்லாம் சரியான பதில், ஆனால் ஆறு பேரும் அதையே சொல்வார்கள். "கடைசியாக ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட்டுக்கு க்ளையன்ட் பணம் தர மறுத்தது எப்போது? எவ்வளவு தொகை? அடுத்த நாள் காலையில் நீங்கள் யாரிடம் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது ஆட்கள் பிரிவார்கள். நடத்தியவருக்குத் தொகை நினைவிருக்கும். எதிரே உட்கார்ந்தவர் சொன்ன வார்த்தைகூட நினைவிருக்கும்.

நான் எல்லோரிடமும் கேட்பது ஐந்து கேள்விகள். ப்ராஜெக்ட் தாமதமாகும் என்று உங்களுக்குத் தெரிந்த நாள் எது, மேலே சொன்ன நாள் எது, இடையில் எத்தனை நாள், அந்த வார ரிப்போர்ட்டில் என்ன நிறம் போட்டீர்கள்? சேல்ஸ் ஆட்களோ உங்கள் மேலதிகாரியோ உங்களைக் கேட்காமல் ஒரு தேதி கொடுத்துவிட்டு வந்தபோது என்ன நடந்தது? ஸ்கோப்பில் ஒன்றை வேண்டாம் என்று மறுத்தது உண்டா? டீமில் நல்ல ஆள் ஒருவர் நடுவில் போனபோது எப்படிச் சமாளித்தீர்கள்? இந்த ப்ராஜெக்டை நிறுத்திவிடலாம் என்று நீங்களே சொன்னது உண்டா?

ஐந்தில் முதல் கேள்விக்காகவே அரை மணி நேரம் ஒதுக்கலாம். பெரும்பாலானவர்கள் முதலில் மழுப்பலாகத்தான் தொடங்குவார்கள். தேதியைக் கேளுங்கள். அப்புறம் அந்த வார ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஒருவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு வாரம் மஞ்சள்னே போட்டேன் சார், சிவப்புன்னு போட்டிருக்கணும். அதுக்கப்புறம் அப்படிப் பண்றதில்லை, வியாழக்கிழமை ரிப்போர்ட்டுக்கு முன்னாடி புதன்கிழமையே போன் பண்ணிடுவேன்" என்றார். அவருக்கு நான் நல்ல மதிப்பெண் போட்டேன். தவறே செய்யாதவர் என்று யாரும் வரப்போவதில்லை. செய்ததைத் தேதியோடு சொல்கிறாரா, அதற்கப்புறம் பழக்கத்தில் எதை மாற்றிக்கொண்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில், பதில் சொல்கிறவர் 'நாங்கள்' என்றே பேசினால் அவர் சொந்தமாக எதுவும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம்மிடம் அது செல்லாது. 'நான் செய்தேன்' என்று சொல்வதைத் தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பத்துப் பேரைத் தாங்கி நடத்தியவரும் "எல்லாரும் சேர்ந்து பண்ணினோம்" என்றுதான் சொல்வார். மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள், "அதில் நீங்கள் செய்தது எது?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். செய்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அடுத்தது மொழி. இங்கிலீஷில் திக்கித் திணறிக்கொண்டிருப்பவரிடம் "தமிழ்லயே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், கதை மடை திறந்த மாதிரி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். க்ளையன்ட்டிடம் இங்கிலீஷில் பேச வேண்டிய வேலை என்றால் அதைத் தனியாகப் பத்து நிமிடம் சோதித்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் திறன் எப்படிப்பட்டது என்பதைச் சோதிக்கும்போது மொழியைத் தடையாக்க வேண்டாம். ஆனால் அந்த வாய்ப்பை ஒருவருக்குக் கொடுத்தால் ஆறு பேருக்கும் கொடுக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் வந்தால் அவருக்கு வசதியான மொழியில் பேசக்கூடிய ஒருவரை உட்கார வையுங்கள்.

கையில் ஒரு தாள்

பழைய கதை எவ்வளவு தோண்டினாலும் கதைதான். ஆகவே நான் கூடவே இன்னொன்றும் செய்வேன். எங்களுடைய முடிந்துபோன பழைய க்ளெய்ம் ப்ராஜெக்ட் ஒன்றின் எண்களை மாற்றி, ஒரே பக்கத்தில் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டாக அடித்துக் கையில் கொடுப்போம். படிக்க நாற்பது நிமிடம். கால்குலேட்டர், பென்சில், ஒரு காபி.

தாளில் இருப்பது இது. மொத்தம் 20 வாரம், 12 வாரம் முடிந்திருக்கிறது. பட்ஜெட் 1 கோடியே 20 லட்சம். செலவானது 84 லட்சம். முடிந்த வேலை 45 சதவீதம். மேலே கொட்டை எழுத்தில் 'நிலை: பச்சை'. கீழே பொடி எழுத்தில் குறிப்புகள்: டெஸ்ட் சர்வர் விரைவில் வரும் (மூன்று வாரமாக அதே வரி). க்ளையன்ட் பக்கம் யு.ஏ.டி.க்கு (க்ளையன்ட்டே செய்யும் கடைசிக் கட்டச் சோதனைக்கு) ஆள் இன்னும் ஒதுக்கவில்லை. பேமென்ட் கேட்வே ஒப்பந்தம் சட்டப் பிரிவில் இருக்கிறது. 16-ம் வாரம் தீபாவளி. டேட்டாபேஸ் பார்ப்பவர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.

கணக்கு எளிது. 45 சதவீத வேலைக்கு 84 லட்சம் என்றால் முழு வேலைக்கும் ஏறக்குறைய 1 கோடியே 87 லட்சம் ஆகும், அதாவது 67 லட்சம் கூடுதல். 12 வாரத்தில் 45 சதவீதம் என்றால் இதே வேகத்தில் 27 வாரம் பிடிக்கும். இது பத்து நிமிட வேலை. அநேகமாக எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவர் உடனே, இரண்டு டெவலப்பர்களைச் சேர்த்துவிடலாம் என்று அழகாக ஒரு திட்டம் எழுதினார். இன்னொருவர், இந்தப் பெண்மணி கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவர், டேட்டாபேஸ் ஆளின் வரியைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து, "இவரோட கடைசி நாள் எது?" என்று கேட்டார். அதற்கப்புறம், "இந்த ரிப்போர்ட்டை எழுதினது யாரு, அவர்கிட்ட நான் பேசலாமா?" என்றார். பச்சை என்று போட்டவர் பயந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்பது தெரியாமல் அடுத்த அடி வைக்க அவருக்கு விருப்பமில்லை.

பிறகு இருபது நிமிடம் நான் க்ளையன்ட்டாக உட்காருவேன். "20-ம் வாரம் கோ-லைவ்னு எங்க போர்டுல சொல்லியாச்சு. உங்க கம்பெனிக்காரங்கதான் அந்தத் தேதியைக் கொடுத்தாங்க" என்று கொஞ்சம் கோபமாகவே தொடங்குவேன். சார், மேடம் என்று பழகிய நம் ஆட்களுக்கு இதுதான் கடினமான இடம். மூன்றில் இரண்டு பேர் "பார்த்துக்கலாம் சார், முயற்சி பண்றோம்" என்று இறங்கிவிடுவார்கள். நான் மேலே சொன்ன அந்தப் பழைய மேனேஜரும் இந்த இடத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கோயம்புத்தூர்ப் பெண்மணி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சார், அந்தத் தேதிக்கு முழுசா வராது. க்ளெய்ம் பதிவும் அப்ரூவலும் அன்னைக்குத் தர முடியும். பணம் அனுப்புற பகுதிக்கு இன்னும் ஏழு வாரம் வேணும். இப்படி ரெண்டாப் பிரிச்சுக்கிறதா, மொத்தத்தையும் தள்ளி வைக்கிறதான்னு வர வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும். சொன்னா டீமை அதுக்கேத்த மாதிரி மாத்திடுவேன்." நான் குரலை உயர்த்திப் பார்த்தேன். அவர் குரல் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. முதலில் நடந்த சாதாரணப் பேச்சில் அவர் அப்போது எங்களிடம் வந்த ஆறு பேரில் நாலாவதாக இருந்தார். அவரைத்தான் எடுத்தோம். சேர்ந்த இரண்டாவது மாதமே என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "ஒரு விஷயம் சொல்லணும் சார்" என்று ஆரம்பித்தார்.

இந்த முறைக்குச் செலவு உண்டு. தாள் தயாரிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பி "வார இறுதியில் பிளான் போட்டு அனுப்புங்கள்" என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தை குட்டியோடு இருக்கும் சீனியர் ஆளுக்கு அது பெரிய சுமை. கையில் இரண்டு ஆஃபர் வைத்திருப்பவர் பேசாமல் விலகிவிடுவார். ஏ.ஐ. கருவிகள் இருக்கும் இந்தக் காலத்தில் வரும் பதில் யாருடையது என்றும் தெரியாது. அலுவலகத்திலேயே ஒரு மணி நேரம், கண் முன்னால். நடந்துகொண்டிருக்கும் உங்கள் ப்ராஜெக்டின் சிக்கலைக் கொடுத்து இலவச ஆலோசனை வாங்குவதும் நியாயமில்லை.

யார் உட்காருவது, மதிப்பெண் எப்படிப் போடுவது

ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவரைக் கேட்கும் பேனல் எனக்கு ஒத்துவரவில்லை. பெரியவர் முதலில் ஒரு வார்த்தை சொன்னதும் மற்ற நால்வரும் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஆறேழு ரவுண்டு வைத்து இழுப்பதும் வேண்டாம். கூகுள் தன் இன்டர்வியூக்களை ஆராய்ந்து, நான்கு பேர் பார்த்தால் போதும், அதற்கு மேல் பெரிதாக எதுவும் கூடவில்லை என்று கண்டது. இரண்டு இரண்டு பேராக இரண்டு அமர்வு, அவ்வளவு போதும். அதில் ஒருவராவது அந்த மேனேஜருக்குக் கீழே வேலை செய்யப்போகிறவராக இருக்கட்டும்.

மதிப்பெண் அளவை இன்டர்வியூவுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். தாமதக் கேள்விக்கு எங்கள் அளவு இது: பழியை அடுத்தவர் மேல் போட்டு, தேதி எதுவும் சொல்லாவிட்டால் 1. கேட்டபோது உண்மையைச் சொன்னார் என்றால் 3. கேட்பதற்கு முன்பே, செலவோடும் மாற்று வழியோடும் போய்ச் சொன்னார் என்றால் 5. ஐந்து கேள்வி, தாளைப் படித்தது, க்ளையன்ட் பேச்சு என்று ஏழு இடங்களில் போட்டு மொத்தம் 35-க்கு. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கும் முன் எழுதி முடித்துவிட வேண்டும்.

"இப்படி எண் போட்டுக்கொண்டிருந்தால் இத்தனை வருட அனுபவம் எதற்கு, ஆளைப் பார்த்தால் தெரியாதா?" என்று சிலர் வருத்தப்படுவார்கள். 1950-களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் இதே வருத்தம் வந்தது. பின்னாளில், 2002-ல், நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் அப்போது 21 வயது இளைஞர். படைக்கு வருகிறவர்களைப் பேசிப் பார்த்து எடை போடும் முறை பலிக்கவில்லை என்று, ஆறு குணங்களைத் தனித்தனியாக, ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போய், 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னார். இன்டர்வியூ எடுத்தவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று எதிர்த்தார்கள். சரி, ஆறையும் எழுதி முடித்த பிறகு கண்ணை மூடி யோசித்து உங்கள் மனதுக்குப் பட்ட ஒரு மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார் அவர். சில மாதம் கழித்துப் பார்த்தபோது ஆறு மதிப்பெண்களின் மொத்தம் பழைய முறையைவிட நன்றாகவே பலித்திருந்தது, கண்ணை மூடிப் போட்டதும் அதற்குச் சமமாகப் பலித்திருந்தது. நானும் தாளின் அடியில் அதற்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறேன். ஏழையும் நிரப்பிய பிறகுதான் அதை நிரப்ப வேண்டும்.

பழைய இடத்தில் விசாரிப்பது

வெரிஃபிகேஷன் ஏஜென்சி பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றைத்தான் சரிபார்க்கும். அவரிடம் அனுமதி கேட்டு, முன்பு அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். இப்போது இருக்கும் கம்பெனியில் மட்டும் விசாரிக்காதீர்கள், அவருடைய வேலைக்கே உலை வைத்துவிடும். "மறுபடியும் அவர்கிட்ட வேலை செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் கவனியுங்கள்.

நண்பரிடம் இரண்டு வாரம்தான் இருந்தது. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருக்கும் ஊரில் அதற்கு மேல் இழுத்தால் நல்லவர்கள் நழுவிவிடுவார்கள். அதனால் அவருக்குச் சொன்னது: ஆறு பேரிடமும் போனில் முதல் கேள்வியை மட்டும் அரை மணி நேரம் கேளுங்கள். மூன்று பேரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மற்ற நான்கு கேள்விகளும் தாளும் அரை நாளில் முடித்துவிடுங்கள். இரண்டு பேர் மிஞ்சினால், ஆஃபருக்கு முன் உங்கள் க்ளெய்ம் ப்ராஜெக்டின் நிஜ நிலைமையை, சேல்ஸ் கொடுத்துவிட்டு வந்த தேதி உட்பட, அவர்கள் முன் விரித்து வையுங்கள். அதைக் கேட்டு ஒருவர் வேண்டாம் என்று போனால் போகட்டும், நாலாவது மாதம் போவதைவிட இப்போது போவது மேல்.

எடுக்காதவர்களுக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீங்களே போன் செய்து, இல்லை என்பதையும் ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். ஹெச்.ஆர். மெயில் அனுப்பட்டுமே என்றார். வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள் என்றேன்.